மூன்று சைபர் போட்ட செம்புக் காசு

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் காலண்டர்களுக்குப் பிழை திருத்துகிறேன். பௌர்ணமி ஒரு நாள் தள்ளி விழுந்தாலும் லோடு முழுக்கத் திரும்பி வந்துவிடும். அதனாலோ என்னவோ, பிழையோடே அச்சாகி ஊரெல்லாம் புழங்கிய காசுகள் மேல் எனக்கு ஒரு மோகம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கச் செம்புக் காசுகளில் அவை நிறைய உண்டு. அச்சைக் கையால் வெட்டிய காலம். வெட்டியவர் தவறினால் அதுவும் காசாகிவிடும். என்னிடம் பதினோரு காசுகள் இருக்கின்றன.

காலண்டர் சீசன் முடிந்த சமயம், இணைய ஏலத்தில் 1801ஆம் வருஷத்துச் சென்ட் ஒன்று வந்தது. டாலரில் நூறில் ஒரு பங்கு என்பதற்காகப் பின்புறம் ‘1/100’ என்று போட்டிருப்பார்கள். அந்த வருஷம் யாரோ ‘1/000’ என்று வெட்டிவிட்டார்கள். அது கிடைப்பது அரிது. மங்கலான படத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஏலம் கேட்டுப் பார்த்தேன். கடைசி நிமிஷத்தில் வேறொருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து, சேகரிப்பவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் அந்தக் காசின் படத்தைப் பார்த்தேன். சாதாரணக் காசுதான், ஆனாலும் சந்தோஷம் என்று வாங்கியவர் எழுதியிருந்தார். காசுக்கு அடியில் ஒரு தமிழ்க் காலண்டர். விருதுநகர்ப் பருப்பு வியாபாரி ஒருவருக்கு நாங்கள் அடித்த ஆர்டர்; அதிலிருந்த போன் நம்பரை நானே இரண்டு தடவை சரிபார்த்திருந்தேன். அதற்கே போன் போட்டேன். எடுத்த வியாபாரியேதான் காசை வாங்கியவர். நம்பர் கிடைத்த கதையைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரச் சொன்னார்.

பஸ் பிடித்துப் போனேன். அறுபது வயதிருக்கும் பாய், வாசலுக்கே வந்துவிட்டார். “வாங்கம்மா. சாப்பிட்டீகளா?” என்றார். சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் திறந்தார். ஏலத்தில் எதிராளி நான்தான் என்று தெரிந்ததும் சங்கடப்பட்டு, அந்தக் காசை நானே எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு என்னிடம் இரட்டையாக இருப்பதில் ஒன்றைத் தந்தால் போதும் என்றார்.

அச்சகத்து லென்ஸை வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் காசு எனக்கு. வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் இப்போதுதான் அவர் வீட்டில் சாப்பிட்டிருந்தேன்.

“பாய், இது சாதாரணக் காசு இல்ல. மாத்தாதீக,” என்றேன்.

லென்ஸில் எவ்வளவு பார்த்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மனைவி வாங்கிப் பார்த்தார். பருப்பில் கல் பொறுக்கிப் பழகிய கண்.

“நூறுன்னா ஒண்ணு போட்டு ரெண்டு முட்டைதானே? இதுல மூணுமே முட்டையால்ல இருக்கு,” என்றார்.

பாய் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு பெட்டியிலிருந்த மற்றக் காசுகளையும் பார்த்துச் சொல்லச் சொன்னார். பொழுது சாயும்வரை பார்த்தோம். வேறொன்றும் தேறவில்லை. திரும்பும் பஸ்ஸில் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் ஏலத்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் போன் பேசிக்கொள்கிறோம். போன மாதம் இருவருக்குமே பிடித்த காசு ஒன்று வந்தது. நீங்களே எடுங்கள் என்று அவர் சொன்னார். இல்லை, நீங்கள்தான் என்று நான் சொன்னேன். அவர் எடுப்பார் என்று நான் இருந்துவிட்டேன்; நான் எடுப்பேன் என்று அவர் இருந்துவிட்டார். கடைசியில் எந்த ஊர்க்காரரோ அதைச் சல்லிசாக அள்ளிக்கொண்டு போனார்.