பாதி வயலுக்கு அடித்த மருந்து

எனக்குப் பொறுமை கிடையாது. களைக்கொல்லி சோதனையில் இருபது வருடம் தள்ளியவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. விதை போட்டு, மருந்து அடித்து, பயிர் தேறுகிறதா வதங்குகிறதா என்று நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அந்த நாள்களில் எல்லாம் கிராஞ்சியில் இருந்த எங்கள் சோதனைக் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தே என் செருப்பு தேய்ந்தது.

கொட்டகையில் எனக்கு உதவியாக இருந்தவர், மன்னார்குடிப் பக்கத்தில் குடும்பத்தை விட்டுவிட்டுக் கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்தவர். நாற்பது தாண்டியவர். நான் அண்ணே என்பேன், அவர் மேடம் என்பார். நெல்வயல் களையான குதிரைவாலிப் புல்லின் விதையைத் தட்டில் தூவச் சொன்ன முதல் நாள் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஊர்ல இதப் பிடுங்கிப் பிடுங்கியே முதுகு ஒடிஞ்சுது. இங்க வெதைக்கச் சொல்றீங்களே மேடம்!”

நாங்கள் சோதித்தது சேஃப்னர் என்ற பொருளை. களைக்கொல்லிக்குப் புல்லும் நெல்லும் ஒன்றுதான். முளைவிட்ட விதையை நேரடியாகச் சேற்றில் விதைத்த வயலில் அது இரண்டையும் சேர்த்தே கருக்கிவிடும். சேஃப்னர் கலந்து அடித்தால் நெல் நாற்று மட்டும் அந்த விஷத்தைத் தனக்குள்ளேயே சீக்கிரம் சிதைத்துக்கொள்ளும். புல்லுக்கு அந்த உதவி கிடைக்காது. ஒரு வரிசைத் தட்டுக்குச் சேஃப்னர் கலந்த மருந்து, அடுத்த வரிசைக்கு வெறும் மருந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் புரியும்.

ஆனால் அண்ணன் அப்படிப் பார்த்ததே இல்லை. அதற்குக் காரணம் நான். எங்கள் மேலாளருக்கு, வரும் விருந்தாளிகள் கண்ணில் கருகிய பயிர் படக்கூடாது. அதனால் படம் எடுத்து மதிப்பெண் குறித்ததும், வெறும் மருந்து அடித்த தட்டுகளை நானே கறுப்புப் பையில் கட்டிவிடுவேன். அந்த நேரத்தில் அவர் பின்கொட்டகையில் மண் சலித்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது அவர் கண்ணில் படுவது செத்த புல்லும் செழித்த நெல்லும் மட்டுந்தான்.

ஒரு சாயங்காலம் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அதை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். அவர் பின்னாலேயே வந்து, மருந்தின் பெயரைச் சொல்லி, “இது நெல்ல ஒண்ணுமே செய்யாதா மேடம்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்யாது லா அண்ணே,” என்று ஓடியபடியே சொன்னேன். பேருந்து கிடைத்துவிட்டது. என் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் அந்தக் கேள்வியை நான் நினைக்கவே இல்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா சந்தையில் இறால் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே அவர், துவைத்துத் தேய்த்த சட்டையும் முகமெல்லாம் சிரிப்புமாக. ஊரில் மனைவி இந்த முறை நடவுக்கு ஆள் கிடைக்காமல் நேரடியாக விதைத்துவிட்டாராம். “நம்ம மருந்தையே வாங்கி அடிக்கச் சொல்லிட்டேன் மேடம்,” என்று கைபேசியில் புட்டியின் படத்தைக் காட்டினார்.

படத்தைப் பெரிதாக்கினேன். மருந்து அதேதான். சேஃப்னர் இல்லை. வளர்ந்த நாற்றுதான் அதைத் தாங்கும்; நடவு வயலுக்கு மட்டும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

“அடிச்சாச்சா?”

“இன்னைக்குக் காலையிலதான். இப்ப ஆரம்பிச்சிருப்பா.”

“உடனே நிறுத்தச் சொல்லுங்க அண்ணே!”

அவர் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போகிறவர். பக்கத்து வீட்டுக்கு அழைத்தார், அதுவும் எடுபடவில்லை. பூக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே நான் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பையிலிருந்து இறால் தண்ணீர் சொட்டி என் பாதத்தை நனைத்தது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. “ஏன் எடுக்க மாட்டேங்குறாங்க?” என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன். கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனாலும் பட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மனைவியே அழைத்தார். பாதி வயல் அடித்தாகிவிட்டது. கைத்தெளிப்பான் அடைத்துக்கொண்டதால் வீட்டுக்கு வந்திருக்கிறார். தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் விடச் சொன்னேன். அடித்த பிறகு சேஃப்னரைத் தேடி ஓடிப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். கொட்டகையில் என் தட்டுகளை ஒரே நாளில் நாலு தடவை எண்ணினேன். அவர் வழக்கம்போலக் களைக்குத் தண்ணீர் விட்டார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, அதுதான் என்னை இன்னும் வாட்டியது.

சனிக்கிழமை காலை படம் வந்தது. வயலின் ஒரு பாதி பச்சை. மறுபாதியில் நாற்று சுருண்டு, சேறு தெரிந்தது. கொட்டகையில் என் பக்கத்தில் நின்று, கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு அவர் மனைவியோடு பேசினார்.

“நாந்தான் சரியா விசாரிக்காம சொல்லிட்டேன்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நல்லவேளை, எனக்குத்தான் பொறுமை கிடையாதே. கைபேசியை வாங்கினேன்.

“அண்ணி, அவர் விசாரிச்சாரு. நாந்தான் பாதி பதில் சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன். தப்பு என்னோடது.”

வயல் காற்றின் இரைச்சலுக்கு மேல் அவர் மனைவியின் குரல் வந்தது.

“சரி மேடம். செத்தது செத்துப்போச்சு. மருந்து படாத பாதியில நெல்லுக்கு மேல புல்லு வருது. அதுக்கு என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

முளைத்த களைக்கு வேறு மருந்து இருக்கிறது. அதன் பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

“கையால எடுத்துடுங்க அண்ணி.”

“எடுக்கலாம் மேடம். இங்க ரெண்டு கைதான் இருக்கு. மத்த ரெண்டும் உங்க கிட்டல்ல இருக்கு.”

ஒலிபெருக்கியை நான் அணைக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவருக்கும் அது கேட்டது.