ஜீப்புக்கு நாலு இஞ்ச்

டிரைவர் அண்ணன் என்றதும் எனக்கு அவர் முகம் நினைவுக்கு வருவதில்லை, கால்கள்தான் வருகின்றன. சிதம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியின் வேப்பமரத்தடியில் அந்தப் பழைய ஜீப் நிற்கும். அதன் அடியிலிருந்து மடித்துவிட்ட காக்கி பேண்ட்டும் வெடித்த குதிகால்களும் நீட்டிக்கொண்டிருக்கும். நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள், யார் மேலோ வண்டி ஏறிவிட்டது என்று பதறிப்போய், "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டேன். "உசுரோடதான் இருக்கேன் சிஸ்டர், அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுங்க" என்றது அடியிலிருந்து ஒரு குரல். எது பதினாலு, எது பன்னிரண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? கைக்குக் கிடைத்ததை நீட்டினேன். திருப்பித் தந்துவிட்டார். மூன்றாவது முறை சரியாகக் கொடுத்தேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அவர் குறிஞ்சிப்பாடிப் பக்கம் நிலம் நீச்சோடு இருந்த குடும்பத்தில் பிறந்தவர். நான் கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்து, கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து வந்தவள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே வண்டியில் எட்டு வருஷம் போய்வந்தால் இது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருக்கும், பேசிக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி, அவருக்கு வார்த்தை கம்மி. டாக்டரம்மா எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் கொள்ளிடக்கரை ஊர்களுக்கும் கிழக்கே உப்பங்கழி ஓரத்து ஊர்களுக்கும் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போவார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் அந்த ஊர்களெல்லாம் தீவுகள். பஸ் நின்றுவிடும். ஜீப் ஒன்றுதான் போகும், அதுவும் எல்லா நாளும் போகாது.

போகாத ஒரு நாளை நான் மறக்க முடியாது. 2007 மழையில், வலி எடுத்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும்போது தரைப்பாலத்தின் நடுவே தண்ணீர் இன்ஜினுக்குள் போய் வண்டி நின்றுவிட்டது. அண்ணன் எத்தனை முறை சாவியைத் திருகியும் அது மூச்சுவிடவில்லை. ஊர் ஆட்கள் கயிற்றுக் கட்டிலில் அவளைத் தூக்கி அக்கரை சேர்த்தார்கள். பாலத்தைத் தாண்டி ஒரு டீக்கடைப் பெஞ்சில் பிரசவம் பார்த்தேன். தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் தங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அவர் ஜீப்பின் பானெட்டை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

அடுத்த கோடையில் அவருக்கு ஒரே பித்து, வண்டியை உயர்த்த வேண்டும். மேலவீதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு என்னை அழைத்துப்போய், "சிஸ்டர், ஜீப்ப தூக்குற கிட்டுன்னு போட்டுப் பாருங்க" என்பார். மலைப்பாறைகளில் வெள்ளைக்காரர்கள் ஓட்டும் வண்டிப் படங்கள் மெதுவாக, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாகத் திறக்கும். அவர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார், ஆனால் வண்டியைப் பார்க்க மாட்டார். அதன் வயிற்றைப் பார்ப்பார். "அச்சு ஏறாது சிஸ்டர், ஒடம்புதான் ஏறும். ஒடம்பு ஏறுனா இன்ஜின் காத்து இழுக்குற மூக்கு தண்ணிக்கு மேல இருக்கும்." ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வைத்திருந்த பட்டியலின் பின்புறம் அவர் வரைந்த ஜீப் படங்கள் நிறைய இருந்தன. டாக்டரம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒண்ணா முடிவு பண்ணி எங்கிட்ட சொல்லுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், ஒரு பட்டறை. அண்ணன் உலகத்தில் நம்பிய ஒரே மனிதர் அங்கிருந்த மெக்கானிக் பாய். எங்களை ஒரு டயர் மேல் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வழிகளை எடுத்துச் சொன்னார். அச்சுக்கு மேல் வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னும் இரண்டு பட்டை சேர்த்துக் கட்டலாம், வண்டி உயரும், ஆனால் கட்டை வண்டி கணக்காகக் குலுங்கும். "வலியில இருக்கற பொம்பளைய அதுல கொண்டாந்தீங்கன்னா வழியிலேயே பெத்துடும்" என்றார் பாய். பட்டையைத் தாங்கும் இரும்புக் காதை மட்டும் நீளமாக மாற்றலாம், அது மலிவு, ஆனால் வளைவில் வண்டி ஆடும். மூன்றாவது வழி கோயம்புத்தூரிலிருந்து முழு செட்டாக வரவழைப்பது: புதுப் பட்டை, குலுக்கலை வாங்கும் புது ஷாக், எல்லாம் அளவுக்கு அளவு. அதில் இரண்டு இஞ்ச் உண்டு, நாலு இஞ்ச் உண்டு. எது வேண்டும் என்றார்.

அண்ணன் இரண்டு என்றார். சும்மா சொல்லவில்லை. அந்தக் கோடை முழுக்க அவர் ஒவ்வொரு தரைப்பாலத்திலும் இறங்கி, ஓரத்துக் காவல் கற்களில் போன மழையின் சேறு படிந்து காய்ந்த கோட்டை ஒரு மூங்கில் குச்சியில் வெட்டி வெட்டிக் குறித்து வைத்திருந்தார். எந்தப் பாலத்துக்கும் இரண்டு இஞ்ச் போதும் என்று குச்சி சொன்னது. நான் நாலு என்றேன். "அது போன வருசத்துத் தண்ணி அண்ணே. இந்த வருசத்துத் தண்ணி உங்க குச்சியப் பாத்துட்டா வரும்?" என்றேன். "நாலு போட்டா ஏறுறது செரமம் சிஸ்டர். புள்ளத்தாச்சிங்க" என்றார். "போற ஊருல நாலு பேரு இருப்பாங்களே, தூக்கி விட்டுட மாட்டமா?" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்: "போன வருசம் செத்ததே, அந்தப் புள்ளைக்கு ரெண்டு இஞ்சுன்னு கணக்கு சொல்லுவீங்களா?" அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நாலே போட்டுருங்க பாய்" என்றார்.

வண்டி நாலு இஞ்ச் உயர்ந்து வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிதம்பரத்தில் தேர் பார்ப்பதுபோல ஆஸ்பத்திரி ஆட்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். உயரமான டாக்டரம்மா சேலையைச் சற்றே தூக்கி ஒரே எட்டில் ஏறிவிட்டார். நானும் கம்பியைப் பிடித்துத் தாவி ஏறினேன். அண்ணன் மட்டும் பின்பக்கப் படியைப் பார்த்துக்கொண்டு தாடையைச் சொறிந்தார். கீழே இன்னொரு படி வெல்டிங் செய்து பார்த்தார்; முதல் வரப்பிலேயே அது இடித்துப் பிய்ந்துபோனது.

கார்த்திகையில் மழை கொட்டியது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலையில் கொள்ளிடக்கரைக் காலனியிலிருந்து ஆள் வந்தது. தலைச்சன் பிரசவம், முதல் நாள் மாலையிலிருந்து வலி, பிள்ளை திரும்பவில்லை. டாக்டரம்மா ஆபரேஷனுக்கு எல்லாம் தயார் பண்ணுகிறேன் என்று ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டார். நானும் அண்ணனும் போனோம். தரைப்பாலத்தில் தண்ணீர் காவல் கற்களின் தலையைத் தொட்டு ஓடியது. அண்ணன் முதல் கியரில், தண்ணீரில் அலை எழும்பாமல், ஒரே சீராக ஓட்டினார். வண்டி நிற்கவில்லை. அக்கரை ஏறியதும், "பாத்தீங்களா?" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினார்.

ஊரில் அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வண்டியின் பின்பக்கம் வந்து நின்றாள். சின்ன உருவம், வயிறு மட்டும்தான் பெரிது. படி அவள் தொடை உயரத்துக்கு வந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினோம். அவள் போட்ட கூச்சலில் கையை எடுத்துவிட்டோம். படுக்கவைத்துத் தூக்கலாம் என்றால் மல்லாத்தினாலே அவளுக்கு மூச்சு முட்டியது. நாலு பேர் இருந்தோம், சொன்னபடியே. ஒன்றுக்கும் உதவவில்லை.

அண்ணன் இறங்கி வந்து, படிக்குக் கீழே சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முதுகைக் கொடுத்தார். "ஏறும்மா, மேல கால வச்சி ஏறு" என்றார். அந்தப் பெண் பின்வாங்கிவிட்டாள். "ஐயோ, பெரியவங்க மேல கால வக்கிறதா" என்றாள். அவள் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள். "எந்திரிங்க சாமி. யாராச்சும் பாத்தா, நாளைக்கு நாங்க இந்த ஊருல இருக்க வேணாமா?" அண்ணன் யார், அவர்கள் யார் என்பது மழையிலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். "என் மேல வையிடி, நான் உங்க சனம்தான்" என்றேன். நர்ஸம்மா மேல் காலா என்று அதற்கும் மாட்டேன் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் என்னால் வந்தது.

அண்ணன் எழுந்தார். ரோட்டை ஒட்டி இடுப்பளவு பள்ளத்தில் ஒரு பழைய வண்டிப்பாதை ஓடியது. அதில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் இறங்கி, காலாலேயே தரையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு ஜீப்பில் ஏறி, தூரத்தில் சரிவாக இருந்த இடத்தில் அதை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினார். "அண்ணே, மாட்டிக்கப் போவுது" என்று கத்தினேன். அவர் காதில் வாங்காமல் பின்னுக்கு வந்து, வண்டியின் பின்பக்கத்தை ரோட்டு ஓரத்தில் ஒட்டி நிறுத்தினார். ஜீப்பின் தரையும் ரோடும் ஒரே மட்டமாக இருந்தன. அந்தப் பெண் வீட்டு வாசற்படி தாண்டுவதுபோல ஓர் அடி எடுத்து வைத்தாள், உள்ளே போய்விட்டாள். திரும்ப மேலே ஏறும்போது நாலு சக்கரமும் உறுமின, மண் சரிந்தது, நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ஏறிவிட்டது.

பெண் குழந்தை. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது, ஆனால் எடுத்ததும் அழுதது. டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது நான் நடந்ததைச் சொல்ல, அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், "கர்ப்பிணி ஏற முடியாத வண்டிய எதுக்குய்யா செஞ்சு வச்சிருக்க? யாரு நாலு இஞ்ச் போடச் சொன்னது?" என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "நாந்தாம்மா. நாலுதான் சரி" என்றார் அவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். எட்டூருக்குப் பேசும் என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அதன்பின் டாக்டரம்மா எப்போது கோபித்தாலும் அந்த நாலு இஞ்சை இழுப்பார்; அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். ஒவ்வொரு ஊரிலும் ஜீப்பை எங்கே பள்ளத்தில் இறக்கினால் பெண்கள் நேராக அடி வைக்கலாம் என்று ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். 2012இல் ஆஸ்பத்திரி ஜீப்பை விற்கும்வரை எத்தனையோ பேர் அப்படி ஏறினார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு மட்டும் உள்ளே சுருக்கென்றது.

அந்தத் தரைப்பாலம் இப்போது இல்லை. உயரமாகப் பெரிய பாலம் கட்டிவிட்டார்கள். கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது, அதன் படி தாழ்வாக இருக்கிறது. போன மாதம் குறிஞ்சிப்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அண்ணனைப் பார்க்கப் போனேன். கண் கொஞ்சம் மங்கிவிட்டது, மற்றபடி அதே ஆள். அவர் மனைவி டீ கொடுத்தார். குடித்துவிட்டு, இத்தனை வருஷம் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "அண்ணே, நாலு நான் சொன்னது. நீங்க எனக்காகத் திட்டு வாங்கினீங்க. அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "தொறந்திருந்தா கெட்டுது. டிரைவரு ரெண்டு சொன்னாருன்னு தெரிஞ்சா டாக்டரம்மா மறுநாளே பாய்கிட்ட அனுப்பி ரெண்டா மாத்தியிருப்பாங்க. ஒங்களுக்காக ஒண்ணும் திட்டு வாங்கல சிஸ்டர். அந்த நாலு இஞ்சுக்காவ வாங்குனேன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் டீ கிளாஸைத் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் உள்ளங்கையைச் சரித்துக் காட்டினார். "பள்ளத்துலேர்ந்து ரோட்டுக்கு ஏறுனமே. ரெண்டு இஞ்சா இருந்தா வயிறு ரோட்டு ஓரத்துல குந்தியிருக்கும். நாலு சக்கரமும் அந்தரத்துல சுத்தியிருக்கும். அந்தப் புள்ளையும் போயிருக்கும்."

இத்தனை வருஷம் நான் குற்றம் என்று சுமந்ததை அவர் இப்படி ஒரு டீ கிளாஸை வைத்து முடித்துவிட்டார். கோபமாக வந்தது, கண்ணும் கலங்கியது. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அடுத்த மழைக்கு ஆறு இஞ்ச் கேட்டிருப்பேனாம். எனக்கும் விட மனசில்லை. "அப்ப ரெண்டுன்னு நீங்க சொன்னதுதான் தப்பு?" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். உள்ளே மனைவி இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அத மட்டும் டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்."