ஒன்பது தையல்

செய்தி வந்தபோது மணி நான்கு பத்து. எங்கள் ஷூ கம்பெனியில் கைபேசிகளைக் காலையிலேயே கேட்டில் வாங்கி, நம்பர் ஒட்டிய மரப்பெட்டியில் வைத்துவிடுவார்கள். அன்று என்னுடைய பெட்டிக்குள் பதினோரு முறை மணி அடித்து ஓய்ந்திருக்கிறது. பன்னிரண்டாவது முறை வாட்ச்மேன் எடுத்துப் பேசிவிட்டுத் தையல் பிரிவுக்குள் ஓடி வந்தார்.

"ஹேமா மேடம், ஆஸ்பத்திரிலருந்து பேசறாங்க. உங்க தங்கச்சிய யாரோ அடிச்சிட்டாங்களாம். வேலூர் தூக்கிக்கினு போறாங்க. பைபாஸ்ல நின்னா ஏத்திக்கறாங்களாம்."

என் தங்கை தமிழினி நர்ஸ். ஆம்பூர் பைபாஸ் ஓரமாக இருக்கும் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்து அன்று இருபத்துமூன்றாம் நாள். முப்பது நாள் வேலையைப் பார்ப்போம், பிடித்திருந்தால் வைத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். இன்னும் ஒரு வாரம். வீட்டில் எல்லோரும் அந்த ஒரு வாரம் கழிவதற்காகக் காத்திருந்தோம்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அடிதடி எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. பேரணாம்பட்டு சாலையில், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் தெரு அது. அப்பா பஞ்சாட்சரம் இருபது வருடம் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டியவர். சனிக்கிழமை சாயங்காலம் எந்த வீட்டிலிருந்து முதலில் அலறல் வரும் என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். தமிழினிக்குப் பதினோரு வயதிருக்கும்போது அடுத்த வீட்டு சௌந்தர்யா அக்காவை அவள் புருஷன் தலையில் அடித்தான். அடித்தது ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பாத வடிவ மரக்கட்டையால். ரத்தம் கண்ணை மறைத்து வழிந்தது. பெண்கள் வழக்கம்போல் காபித்தூள் டப்பாவோடு ஓடினார்கள். தமிழினி டப்பாவைத் தட்டிவிட்டாள். கொடியில் காய்ந்த துண்டை இழுத்து, சுருட்டி, காயத்தின்மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி டாக்டரம்மா, உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்றான் அவன்.

கேட்டதோடு நிற்கவில்லை, முதுகில் எட்டி உதைத்தான். அவள் முன்னால் சரிந்தாள், கையை மட்டும் எடுக்கவில்லை. இன்னொரு உதை. அப்போதும் எடுக்கவில்லை. ஆட்டோ வரும்வரை அப்படியே பிடித்திருந்தாள். அவள் முதுகில் கன்றியிருந்த நீலத் தடம் மறைய மூன்று வாரம் ஆயிற்று. டாக்டரம்மா என்ற பெயர் மறையவே இல்லை, கேலியாகத்தான் கூப்பிட்டார்கள்.

நர்சிங் படிக்கும்போது அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவளுக்குப் பயிற்சி. பெங்களூரு நெடுஞ்சாலையில் சிதைந்தவர்கள், மாமன் மச்சான் சண்டையில் வெட்டுப்பட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். வீட்டுக்கு வந்து தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடியே சொல்வாள்.

"அம்மா, இன்னிக்கி ஒருத்தன் அறுந்த காதைக் கையிலயே எடுத்துக்கினு வந்தான். ஐஸ்ல வெச்சுக் கொண்டாந்திருந்தா தச்சிருப்பாங்க. அந்த ஆளு காபித்தூள்ல பொரட்டிக் கொண்டாந்துட்டான், வறுவலுக்கு மசாலா தடவுன மாதிரி."

"துன்னும்போது பேசாதடி, சனியனே" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போவாள்.

பட்டம் வாங்கியபின் நான்கு மாதம் வேலை தேடினாள். வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை. எங்கு போனாலும் ஒரே கேள்வி.

"எக்ஸ்பீரியன்ஸ் எவ்ளோ?"

"இப்பதான் சார் முடிச்சேன்."

"ஒரு வருஷம் எங்கியாவது பாத்துட்டு வாம்மா."

"எல்லாரும் இதையே சொன்னா, அந்த ஒரு வருஷத்த நான் எங்க சார் பாக்கறது?"

"வாய் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதே."

ஆற்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இவள் நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்தபோதே, நோயாளியோடு வந்த ஓர் ஆள் முன்மேசை நர்ஸைக் கன்னத்தில் அறைந்தான். அந்தப் பெண்ணின் மூக்குத்தி தெறித்து விழுந்தது. அவள் குனிந்து தேடி எடுத்துக்கொண்டு மறுபடி ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தாள். மேனேஜர் இவளைப் பார்த்து, "பாத்தியா? இதுக்கெல்லாம் அழக் கூடாது. இருப்பியா?" என்றார்.

"அழ மாட்டேன் சார். ஆனா நீங்க அந்த ஆள ஒண்ணுமே கேக்கலயே?"

அந்த வேலையும் கிடைக்கவில்லை.

கடைசியில் கிடைத்ததுதான் ஆம்பூர் நர்சிங் ஹோம். அங்கே மூத்த நர்ஸ் ஜோதி. சேர்ந்த அன்றே தமிழினியின் அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். "இதெல்லாம் இங்கியே இருக்கட்டும். நடுவுல உட்டுட்டுப் போனா கைக்கு வராது. புரிஞ்சிச்சா, தமிழு?" ஜோதி கெட்டவள் இல்லை. அவளுடைய சான்றிதழும் ஒரு காலத்தில் அதே பீரோவில் இருந்ததுதான்.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உயிர் போன பிறகு யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால், போய்விட்டார் என்று சொல்லக் கூடாது. சொன்னால் கண்ணாடி உடையும், போலீஸ் வரும். அதனால் கையில் ஊசி குத்தி, டிரிப் பாட்டிலைத் தொங்கவிட்டு, மூக்கில் ஒரு குழாயையும் வைத்து, "உசுரு இருக்கு, வேலூருக்கு ஓடுங்க" என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட வேண்டும். டிரிப் குழாயில் ஓர் உருளை இருக்குமே, அதை மூடிவிடுவார்கள். பாட்டில் தொங்குவதைத்தான் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், சொட்டு விழுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சாவு எப்போதும் வேலூரில்தான் நடக்கும்.

ஆறாம் நாள் ஒரு லாரிக்காரர் வந்தார். மார்பு நசுங்கி, வரும்போதே முடிந்திருந்தது. ஜோதி சொன்னபடி தமிழினி ஊசி குத்தினாள். அவர் மனைவி பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். நான்கு நாள் கழித்து அந்த அம்மா திரும்பி வந்து இவளைத் தேடினாள்.

அதை என்னிடம் சொன்னபோது தமிழினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே புடவையை மூன்று முறை மடித்தாள்.

"அக்கா, அந்தம்மா இன்னா கேட்டாங்க தெரியுமா? பள்ளிகொண்டா டோல்ல வண்டி நின்னப்ப அவர் காதுல பேசினேன், கேட்டிருக்குமாம்மான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"கேட்டிருக்கும்னு சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்க."

"இன்னா சரி? அங்க இருந்தது பொணம்க்கா. அந்தம்மா பொணத்துகிட்ட பேசினு போயிருக்குது, நான் பேச வெச்சிருக்கேன். அடுத்த தபா போட மாட்டேன்."

"மூணு வாரம் பல்லக் கடிச்சிக்கோ. வேலை நெலைக்கட்டும், சர்ட்டிபிகேட் கைக்கு வரட்டும். அப்புறம் உன் நியாயத்தப் பேசு."

"அதுவரைக்கும் யாரும் சாவாதீங்கன்னு போர்டு மாட்டிடவா?" என்று சிரித்தாள்.

இருபத்துமூன்றாம் நாள் நடந்ததை எனக்குச் சொன்னவர் அப்துல் ஹமீத். வேறொரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். வெட்டும் கத்தி இடது உள்ளங்கையைக் கிழித்து ஒன்பது தையல் போட்டிருந்தார்கள். அன்று பிரிக்கப் போயிருந்தார். மூன்று மணி. டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். தமிழினி ஒவ்வொரு நூலாக வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அசையாதீங்க பாய். அஞ்சு எடுத்தாச்சு, நாலுதான் பாக்கி."

அப்போது ஒரு லோடு ஆட்டோ பின்பக்கமாகவே வந்து வாசல்படியில் இடித்து நின்றது. தோல் ஷாப்பின் கழிவுத் தொட்டியில் சேறு அள்ள இறங்கிய அன்பரசன் என்பவரை விஷவாயு தாக்கியிருந்தது. அவருடைய தம்பி பாண்டியன் இடுப்பில் கயிறு கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி அண்ணனை மேலே இழுத்திருக்கிறான். கூட இருபது பேர்.

தமிழினி கத்தரியைத் தட்டில் வைத்தாள். "ரெண்டு நிமிஷம் பாய்" என்றாள்.

அன்பரசனைத் தரையில் கிடத்தி, மண்டியிட்டு, மார்பை இரண்டு கையாலும் அழுத்த ஆரம்பித்தாள். அழுத்தும்போது விலா எலும்பு ஒன்று முறிந்தது. அந்தச் சத்தம் தனக்கே கேட்டது என்றார் ஹமீத் பாய். அவள் நிறுத்தவில்லை. வாயிலிருந்து வந்த கறுப்புச் சேற்றைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். கால்மணி நேரம். அதற்குள் ஜோதி டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர், வழக்கம்போல் செய்து அனுப்பச் சொன்னார். ஜோதி டிரிப் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"தமிழு, எழுந்திரு. இதப் போட்டு ஏத்திடலாம்."

தமிழினி கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். பிறகு அன்பரசனின் சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்தாள். பாட்டிலை வாங்கவில்லை.

"அண்ணே, அவர் போய்ட்டார். இங்க வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டார். வேலூர் வரைக்கும் அலையாதீங்க."

அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"மாருல ஏறி ஒடச்சது நீதான்" என்றான் பாண்டியன். "எல்லார் காதுலயும் கேட்டுச்சி."

"ஒரு டிரிப்பு கூட போடலடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "பாட்டில அங்க வெச்சிக்கினு போடாமயே உட்டுட்டா, பாரு!"

எல்லோரும் ஜோதியின் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்கள்.

முதலில் மருந்து அலமாரியின் கண்ணாடி போயிற்று. பிறகு மேசை, கம்ப்யூட்டர், வாசல் கதவு. ஜோதி உள்ளறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். பாண்டியன் டிரிப் தொங்கவிடும் இரும்புக் கம்பத்தைத் தூக்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. ஹமீத் பாய் நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்தார். இரண்டு பேர் அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தார்கள். தமிழினிக்கும் பின்கதவுக்கும் நடுவே நாலடி தூரம்தான். அவள் ஓடவில்லை. கூட்டம் முன்னால் தள்ளியதில் அன்பரசனின் கையை யாரோ மிதித்துவிட்டார்கள், முகத்தருகே இன்னொரு செருப்புக்கால்.

"அவர மிதிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே குனிந்தாள். அவர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

இரண்டாவது அடி அவள் பின்மண்டையில் விழுந்தது. மூன்றாவதும் அதே இடத்தில். அவள் கையை எடுக்கவில்லை என்று ஹமீத் பாய் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பைபாஸில் என்னை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸில் ஜோதி உட்கார்ந்திருந்தாள். அவள் புடவையெல்லாம் ரத்தம். தமிழினியின் தலையைச் சுற்றிப் பஞ்சும் துணியும் வைத்துக் கட்டியிருந்தார்கள். மூக்கில் குழாய். மேலே டிரிப் பாட்டில்.

"உசுரு இருக்கு, இருக்கு" என்றாள் ஜோதி. "பேசினே வா ஹேமா. கேக்கும்."

மாதனூர் தாண்டும்போது நான் பாட்டிலுக்குக் கீழே பார்த்தேன். சொட்டு விழவில்லை. உருளை மூடியிருந்தது. ஜோதியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளிகொண்டா டோலில் வண்டி சற்று நின்றது. நான் தமிழினியின் காதருகே குனிந்து பேசினேன்.

வேலூரில் ஐந்தேகால் மணி என்று நேரம் எழுதினார்கள்.

பாண்டியன் இப்போது வேலூர் ஜெயிலில் இருக்கிறான். அண்ணனின் காரியத்துக்குக்கூட அவனை விடவில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் ஜோதி வீட்டுக்கு வந்து ஒரு பழுப்புக் கவரை அம்மாவிடம் கொடுத்தாள். சான்றிதழ்கள். கூடவே ஒரு தாள், இருபத்துமூன்று நாள் திருப்தியாகப் பணியாற்றினார் என்று நர்சிங் ஹோம் முத்திரையோடு. நான்கு மாதம் ஊர் ஊராகக் கேட்ட எக்ஸ்பீரியன்ஸ். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு மடித்து அலமாரிக்கு மேலே வைத்தார்.

ஹமீத் பாய் வந்தது பதினாறாம் நாள் காரியத்துக்கு. எல்லாம் சொல்லி முடித்து எழுந்தபோதுதான் அவர் உள்ளங்கையைக் கவனித்தேன். ஐந்து இடத்தில் சின்னப் புள்ளிகள், ஆறிவிட்டன. மீதி நான்கில் கறுப்பு நூல் முடிச்சோடு இருந்தது.

"அரசு ஆஸ்பத்திரியில அஞ்சு நிமிஷ வேலை பாய். எடுத்துடுங்க, சீழ் வச்சிடும்" என்றேன்.

"போகணும்மா" என்றார்.

போன வெள்ளிக்கிழமை அவர் கம்பெனி பஸ் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றபோது பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கி சலாம் வைத்தார். நான்கு நூலும் அப்படியே இருந்தன.