வெயிலில் வைத்த மீன்கொத்தி

“பாத்தியா? ரெண்டு மாசமா ஜன்னல்ல வெயில் காயுது, ஒண்ணும் ஆகல. டை இங்க்கே போதும்” என்றாள் அண்ணி.

அவள் கையில் இரண்டு மீன்கொத்திப் படங்கள். படம் ஒன்றுதான், கடையில் கொடுத்து ஒன்றைச் சாயம் கரைத்த டை இங்க்கிலும் மற்றதை நிறத்துகள் கலந்த பிக்மென்ட் இங்க்கிலும் அச்சிட்டு வாங்கியிருந்தாள்.

நாத்தனார் தயங்கினாள். “மத்தியானம் ஆனா அந்த டை படத்த மட்டும் எடுத்து உள்ள வச்சிடுறீங்களே, அண்ணி.”

“எப்ப?”

“தினமும்.”

“அது... வெயில் நேரா மூஞ்சில அடிச்சுது. பாக்கப் பாவமா இருந்துச்சு.”

சோபாவில் படுத்திருந்த அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான். “நம்ம ஊமைக்கோட்டான் தங்கச்சி வாயைத் திறந்தா யார் குடியாவது முழுகும்! ஏண்டி, அது என்ன பச்சப்புள்ளையா, வெயில்ல கறுத்துப்போக?”

“கறுத்தாக்கூடப் பரவாயில்ல. வெளுத்துல்ல போகும்!” என்று அண்ணியும் சிரித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. வாரமெல்லாம் கறுப்பு வெள்ளையிலேயே கண் கிடப்பதாலோ என்னவோ, லீவு நாளில் கேமராவோடு ஆற்றங்கரைக்குப் போய்விடுவாள். அவளிடம் முதன்முதலாக விலைக்குப் படம் கேட்டவர் ஒரு பல் டாக்டர். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், கண்ணாடிச் சுவருக்கு எதிரே மாட்டப் பெரிய மீன்கொத்தி வேண்டுமாம். அதற்காக, வீட்டிலேயே அச்சிட ஒரு பிரிண்டர் வாங்க வேண்டும். ஒரு பிரிண்டருக்கு ஒரு வகை மைதான். டையில் அந்த நீலம் அப்படியே ஜொலித்தது. பிக்மென்ட்டில் ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் அங்கே அடிக்கும் வெயிலில் படம் சாயம் போனால், கீழே இருக்கும் அவள் பெயரைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

நாத்தனார் இரண்டையும் தன் அறை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். அண்ணி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கோடை முடிந்து எடுத்தபோது டை மீன்கொத்தி துவைத்துப் போட்டதுபோல் இருந்தது. மற்றது வைத்த மேனிக்கு அப்படியே.

“போச்சு போ” என்றாள் அண்ணி. மறுநாளே பிக்மென்ட் பிரிண்டருக்குச் சொல்லிவிட்டாள்.

சுவரில் மாட்டிய படத்தில் டாக்டருக்கு நிறக்குறை எதுவும் தெரியவில்லை. அண்ணிதான், பல்லில் ஒரு வலியும் இல்லாமலே, அடிக்கடி அங்கே போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

அப்புறம் புது வகைக் காகிதம் ஒன்று வந்தது. அதையும் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணி கேமராவை நாத்தனாரிடம் நீட்டினாள்.

“இந்தத் தடவை படத்த நீயே எடு, கண்ணு. கொஞ்சம் கேவலமாவே எடு. எனக்கு அதுமேல பாசம் வந்துடக் கூடாது.”