ஜெராக்ஸ் கடையில் ஓடிய டெஸ்ட்

சங்கரன்கோவிலில் என் ஜெராக்ஸ் கடையில் அன்று நான் இருந்தேன். ஆதார் நகலெடுக்க ஒரு அக்கா வந்தார். நகல் எடுத்ததும் கையோடு கொண்டுவந்த லேப்டாப்பைக் கடை பிளக்கில் செருகி உட்கார்ந்துவிட்டார். வீட்டில் கரண்ட் இல்லையாம். ஆஸ்பத்திரி சாப்ட்வேரைச் சோதிக்கிற வேலை. பட்டனைத் தட்டியதும் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொள்வார். சிவப்பு எழுத்துதான் வரும்.

"டேட்டாபேஸ் அஞ்சு செகண்டுல பதில் சொல்லணும் அண்ணாச்சி. இல்லன்னா டெஸ்ட் பெயில். சாயங்காலத்துக்குள்ள பாஸ் ஆவலன்னா என் வேலை போச்சு."

"நேரத்தைக் கூட்டிப் போடுங்கம்மா" என்றேன்.

"கூட்டுனா பாஸ் ஆயிரும். அங்கன நோயாளில்லா காத்துக் கெடப்பான்."

கடைசியில் அஞ்சை அழித்து அறுபது செகண்ட் என்று போட்டார். பச்சை எழுத்து வந்தது. அவர் சிரிக்கவில்லை.

போன மாதம் என் மனைவிக்கு ரத்தம் கேட்டு ஆஸ்பத்திரி கவுண்டரில் நின்றேன். திரையில் வட்டம் சுற்றியது. அதே சாப்ட்வேரா, தெரியாது. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, பதில் வரும்வரை செகண்டை எண்ணினேன்.

ஐம்பத்து மூன்று.