சீலிங்கில் ஓடிய கார்

தேவகி அக்காவின் எண்ணிலிருந்து எங்கள் குழுவுக்குச் செய்தி வந்தால், பந்தயத்துக்கு ஆள் கூப்பிடுகிறார் என்று பொருள். அன்று காலையும் அப்படித்தான் நினைத்தேன். அவரால் கைப்பேசியைத் தொட முடியாமல் போய் வெகுநாளாகியிருந்தது நினைவுக்கே வரவில்லை. எழுதியிருந்தவர் அவருடைய கணவர். "தேவகி போயிட்டா. வீட்டுக்கு வாங்க."

தொழிற்சாலையில் அவருடன் வேலை பார்த்து, இன்று அவரை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவர் சோதனைப் பிரிவின் கண்டிப்பான மேற்பார்வையாளர். எங்கள் சிலருக்கு அவர் ஆன்லைன் கார் பந்தயத்தின் கேப்டன். வேலை முடிந்ததும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே அணியாக ஓட்டுவோம். யாராவது சுவரில் மோதினால், "அலமாக்! ஒனக்கெல்லாம் யாரு லா லைசென்ஸ் குடுத்தா?" என்பார். அந்த வசவைக் கேட்பதற்கென்றே மோதியவர்களும் உண்டு.

பிறகு தசைகளைத் தின்னும் அந்த நோய் வந்தது. முதலில் கால், அடுத்து கழுத்து. உட்கார முடியாதவர் டிவியை எப்படிப் பார்ப்பார்? படுத்தபடி சீலிங்கைப் பார்த்து ஓட்டுகிறேன் என்றார். ஆஸ்பத்திரிக்கும் பையில் போட்டுக்கொண்டு போகும்படி ஒரு சின்ன புரொஜெக்டர் வேண்டும். அவர் கணவரும் நானும் ஜொகூர் பாருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாரும் வெளிச்சத்தையும் படத்தின் அகலத்தையும் பற்றியே பேசினார்கள். போனில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா பொறுமையிழந்தார். "படம் பெருசா இருந்து என்னா செய்ய? நான் பட்டன் அமுக்கினா கார் எப்ப திரும்பும்? அத கேளு, வாணி." அதற்கு யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் அவருடைய கேம் பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், வயரில் மாட்டி, நானே ஓட்டிப் பார்த்து, விரலுக்கு உடனே பணிந்த ஒன்றை வாங்கினோம்.

பெர்மாஸ் ஜெயா வீட்டில் கட்டிலோரம் அதைச் சாய்த்து வைத்தோம். சாய்ந்த படத்தை அதுவே நேராக்கிக்கொண்டது. எங்களுக்கு ஒரே பெருமை. முதல் வளைவிலேயே அக்கா மோதினார். மறுபடியும் மோதினார். "மெஷினா, என் கையா?" என்று கேட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மெஷின்தான். படத்தை நேராக்கும் வேலையில் அது சற்றுப் பின்தங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த வசதியை அணைத்தோம். சீலிங்கில் படம் ஒருபக்கம் அகன்று கோணலாக விழுந்தது. கார் சொன்னபடி திரும்பியது. "கோணலா இருந்தா இருக்கட்டும். நேரத்துக்கு வந்தா போதும்," என்று சிரித்தார். அன்று எங்கள் எல்லாரையும் முந்தினார்.

சில வாரங்கள் கழித்து மறுபடி மோத ஆரம்பித்தார். நாங்கள் வயரை மாற்றினோம். இணைய இணைப்பைப் பார்த்தோம். வேறு புரொஜெக்டர் வாங்கலாம் என்றார் கணவர். எல்லாவற்றையும் செய்யவிட்டுப் பார்த்திருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "போதும் வாணி. மெஷின் சரியாதான் இருக்கு. என் கைதான் லேட்டா வருது." அதைச் சரிசெய்ய எந்தக் கடைக்குப் போவது? நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

அதன்பின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டினேன். அவர் சீலிங்கைப் பார்த்தபடி, வளைவுக்குச் சற்று முன் "இப்ப" என்பார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்தக் குரலும் தேய்ந்து மூச்சாகி, ஒருநாள் அதுவும் கேட்கவில்லை. அறிவு கடைசிவரை முழுதாக இருந்தது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. காலம் ஆற்றும் என்கிறார்கள், நான் நம்பவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த "இப்ப" ஒன்றுதான். இன்றும் வளைவு நெருங்கும்போது அது வரட்டும் என்று என் கை காத்திருக்கிறது. இனி வராது என்று இந்தக் கைக்கு யார் சொல்வது?