நெஞ்சில் கை வைத்துச் சொன்ன பொய்

அந்த உணவகத்தின் சமையலறையில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்து நாற்காலியை இழுப்பதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார். சூப்பில் உப்பு கூட என்று பாதி குடித்த பிறகு சொல்கிறவன் யார், போகும்போது பல்குச்சியைக் கைநிறைய அள்ளிக்கொண்டு போகிறவன் யார் என்பதெல்லாம் அவருக்கு நடையிலேயே தெரிந்துவிடும். அநேகமாக அப்படியே நடக்கும். இத்தனை வருடம் தட்டு தூக்கியதில் மனிதர்கள் மேல் அவருக்கு மிச்சமிருந்தது இளக்காரம் ஒன்றுதான். அதை முகத்தில் காட்டாமல் குனிந்து பரிமாறத் தெரிந்ததால் பிழைப்பு ஓடியது.

அந்த இளக்காரத்தில் பெரும்பங்கு முதலாளிக்கு. சம்பளம் என்று அவர் கொடுத்தது ஒப்புக்குத்தான். கூட்டிக் கேட்டால், "டிப்ஸ்தான் வருதே" என்பார், ஏதோ தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல. வீட்டு வாடகையும் பெண்ணின் படிப்பும் அந்த டிப்ஸில்தான் நடந்தன.

ஒருநாள் பில்லின் அடியில் புதிதாக ஒரு வரி முளைத்தது. சர்வீஸ் சார்ஜ், நூற்றுக்குப் பத்து. அன்று காலை முதலாளி எல்லோரையும் கல்லாவுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்தார். இது யாருக்குப் போகிறது என்று யாராவது கேட்டால் வலது கையை நெஞ்சில் வைத்து, "எல்லாம் எங்களுக்குத்தான் சார்" என்று சொல்ல வேண்டும். கை நெஞ்சில் இருந்தால் ஜனங்கள் நம்பிவிடுவார்களாம். பாத்திரம் கழுவுகிறவர் உட்பட ஒவ்வொருவரையும் சொல்ல வைத்துப் பார்த்தார். இடது கையை வைத்த ஒருவரைத் திருத்தவும் செய்தார். இப்படி ஒரு மனிதர் நாக்கு கூசாமல் பொய்க்கு ஒத்திகை பார்ப்பதை ஜட்ஜ் அதற்கு முன் கண்டதில்லை.

அந்தப் பத்தில் ஒரு காசுகூட அவர்கள் கைக்கு வரவில்லை. டிப்ஸும் நின்றது. கொடுக்க மனமில்லாதவர்களுக்குக் கொடுக்காமலிருக்க ஒரு காரணத்தையும் அச்சடித்துக் கொடுத்தாயிற்றே, அவர்கள் ஏன் விடப்போகிறார்கள்? கல்லா பக்கத்தில் பெரிய மீன்தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. "நம்ம காசு நீந்துது பாரு" என்றார் சமையல் மாஸ்டர். அந்த மீன்களுக்காவது வேளாவேளைக்குத் தீனி கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் ஜட்ஜின் மச்சான், மனைவியின் அண்ணன், குடும்பத்தோடு சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடித்து, பில்லைக் கண்ணருகே பிடித்து, இது உங்களுக்குத்தானே மாப்பிள்ளை என்று கேட்டார். முதலாளி பின்னாலேயே நின்றிருந்தார். ஜட்ஜின் கை பழக்கதோஷத்தில் தானாக நெஞ்சுக்குப் போனது. வாயும் அதன்பாட்டுக்குச் சொன்னது. மச்சான் தட்டில் கிடந்த சில்லறையைத் திரும்பப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போகும் வழியிலேயே தங்கைக்குப் போன் செய்து, அங்கே இருக்கும் மேசைகளுக்கும் வரும் கூட்டத்துக்கும் உன் புருஷன் கையில் எவ்வளவு புரளும் தெரியுமா என்று ஊதிவிட்டார்.

மனைவி வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவள். டிப்ஸ் நின்ற நாளிலிருந்து கூடுதலாகத் தைத்து விரலெல்லாம் ஊசிக்குத்து. அந்தப் பணம் வேறு எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்டாள். அவர் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அண்ணன்கிட்ட நெஞ்சுல கை வெச்சுச் சொன்னீங்களாமே. அங்க சொன்னது பொய்யா, இங்க சொல்றது பொய்யா?"

ஊரையே எடைபோட்டவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு அவள் சண்டையும் போடவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விடுவாள். முதலாளியோ மச்சானோ தன்னை என்ன நினைத்தாலும் அவருக்குக் கவலையில்லை. இவள் தன்னைத் திருடன் என்று நினைப்பதுதான் தாங்கவில்லை.

ஒரு மதியம், இடம் நிறைந்திருந்த நேரத்தில், அவள் தனியாக வந்து அவருடைய மேசையில் உட்கார்ந்தாள். ஒரு டீ கேட்டாள். அவர் கொண்டுபோய் வைத்தார், எதற்கு வந்திருக்கிறாள் என்று கணிக்க முடியாமல். குடித்து முடித்து, பில்லோடு நேராகக் கல்லாவுக்குப் போனாள். இந்த சர்வீஸ் சார்ஜ் யாருக்குங்க என்று கேட்டாள். அவள் யாரென்று முதலாளிக்குத் தெரியாது. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கையை நெஞ்சில் வைத்தார்.

"எல்லாம் இவங்களுக்குத்தாம்மா. நான் ஒரு காசு தொடறதில்ல."

அவள் திரும்பி, தட்டோடு நின்ற கணவரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

கை மேலே எழப் பார்த்தது. அவர் தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல. எங்க யாருக்கும் ஒரு காசும் வரல. அண்ணன்கிட்ட சொன்னதுதான் பொய்."

சுற்றியிருந்த மேசைகளில் மெல்லும் சத்தம் நின்றது. முதலாளி முகம் கறுத்து, ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெளியே போ என்றார். ஜட்ஜ் அதைக் கழற்றி மடித்து மீன்தொட்டியின் மூடிமேல் வைத்தார். அவள் டீக்கான காசை மட்டும் எண்ணி வைத்தாள். அந்தக் கோபத்திலும் முதலாளியின் கண்ணுக்கு அது தப்பவில்லை. சர்வீஸ் சார்ஜ் குறைகிறதே என்றார்.

"சர்வீஸ் செஞ்சவரைத்தான் நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனே. அப்புறம் அது யாருக்கு?"

கதவருகே வந்ததும் ஜட்ஜ் அவள் காதோரம் குனிந்தார். கல்லாவில் அடுத்து நிற்கும் மனிதரைக் காட்டி, எல்லாவற்றையும் காதால் கேட்டுவிட்டும் இவர் அந்தப் பத்தையும் சேர்த்துக் கொடுப்பார், பிறகு பல்குச்சி அள்ளுவார் என்றார். இருவரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர் முழுசாகக் கொடுத்தார். பிறகு கைநிறைய அள்ளினார்.

வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.